பொருந்தாத இரண்டு பைட்

எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜைக்கும் நிற்காத மெஷின் ஒன்று உண்டு. அது என் கம்ப்யூட்டர், கரண்ட் போனாலும் யூ.பி.எஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். மற்ற எல்லாவற்றையும் முதல் நாள் சாயங்காலமே அணைத்து, துடைத்து, பொட்டு வைத்து, மேலே சாமந்திச் சரத்தைப் போட்டுவிடுவார்கள். என்னுடையதற்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொட்டு. "நம்ம ருக்ஸார் மெஷினுக்கு மட்டும் சாமி கும்பிடக்கூட லீவு கெடையாதுப்பா" என்று முதலாளி தங்கதுரை வருஷா வருஷம் சொல்வார், நானும் வருஷா வருஷம் சிரித்துவைப்பேன். திரையின் ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: ‘ஆஃப் பண்ணாதீங்க - ருக்ஸார்.’ டேப் மஞ்சளாகிவிட்டது. ஆறு வருஷமாக அதை யாரும் எடுத்ததில்லை, ஏன் ஒட்டினேன் என்று கேட்டதுமில்லை. கேட்டிருந்தால் என்னாலும் சொல்லியிருக்க முடியாது. எனக்கே மறந்துபோயிருந்தது.

ஓசூர் சிப்காட்டில் எங்களுடையது பதினோரு பேர் வேலை பார்க்கும் கம்பெனி. தகடு வெட்டுகிற, வளைக்கிற பிரஸ் மெஷின்களுக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறோம். கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்கக் கூடாது. அந்தப் பெட்டிக்கு வேலை அவ்வளவுதான். பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை, அதாவது சோர்ஸை, எழுதுவது நான். எழுதியதைப் பெட்டிக்குப் புரியும் ஒரே ஃபைலாகக் கட்டித் தருவதை பில்டு என்போம், அதையும் நான்தான் செய்தேன். அதற்கென்று நானே எழுதிய ஸ்கிரிப்ட் ஆயிரத்து நூறு வரி. நாற்பது நிமிஷம் ஓடும். நடுவில் முரண்டு பிடித்து நின்றால் எங்கே தட்டிக் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதில் எனக்கிருந்த கர்வத்தை மறைக்கப்போவதில்லை. அப்பாவின் ஆபரேஷனுக்காக ஒருமுறை மூன்று வாரம் பெங்களூரில் இருந்தேன். அதற்கே தங்கதுரை சாருக்கு முழி பிதுங்கிவிட்டது. ஏதோ ஒரு கஸ்டமருக்கு அவசரமாக நாலு பெட்டி போக வேண்டியிருந்ததால், என் ஸ்கிரிப்டைத் தன் லேப்டாப்பில் காப்பி போட்டு அவரே ஒரு பில்டு செய்து அனுப்பியிருந்தார். நான் திரும்பி வந்ததும், "இனிமே லீவே போடாதம்மா" என்றார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

சுசித்ரா வந்தது போன ஜூனில். தளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் மறுபடி கன்னடம். சேர்ந்த இரண்டாவது வாரமே என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க ஒரு மாசம் வரலேன்னா பில்டுக்கு என்ன பண்றது?"

"வருவேன்."

"காய்ச்சல் வந்தா?"

"காய்ச்சலோட வருவேன்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு புதிய பில்டு டூலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அது யாருடைய கம்ப்யூட்டரையும் நம்பாது. ஒவ்வொரு தடவையும் காலி அறையிலிருந்து தொடங்கும். என்னென்ன வேண்டும் என்று முன்கூட்டியே எழுதித் தந்திருக்கிறோமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டும். எழுதாதது எதுவும் அதற்குத் தெரியாது. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும், யார் வேண்டுமானாலும் பட்டனை அழுத்தலாம்.

யார் வேண்டுமானாலும் என்பதுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்த இரண்டு சொல் இல்லாமல் அவள் சொல்லியிருந்தால் ஒருவேளை நானே ஆசைப்பட்டிருப்பேன். தங்கதுரை சாரோ அன்றைக்கே தலையாட்டிவிட்டார். நான் ஒரு கண்டிஷன் போட்டேன். பழைய பில்டும் புதிய பில்டும் ஒரு பைட், ஒரு எழுத்தளவுகூட வித்தியாசமில்லாமல் பொருந்த வேண்டும், பொருந்தினால்தான் மாறலாம். கேட்பதற்கு மிகவும் பொறுப்பான பேச்சு. பொருந்தவே பொருந்தாது என்ற தைரியத்தில் பேசியது.

ஏழு வாரம் அந்தப் பெண் மல்லுக்கட்டினாள். தேதி, நேரம் மாதிரி மாறித்தான் தீரும் இடங்களை ஒதுக்கிவிட்டு, மீதியை ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள். முதலில் நாலாயிரம் பைட் வித்தியாசம். பிறகு அறுநூறு. பிறகு முப்பத்தெட்டு. ஒவ்வொரு நாளும் போகிறபோக்கில் "என்னாச்சு, பொருந்திச்சா?" என்று கேட்பேன். கேட்காமல் போனால் சாப்பாடு இறங்காது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. கடைசியில் இரண்டே இரண்டு பைட் பொருந்தாமல் நின்றது. மூன்று நாள் அது அசையவே இல்லை. அந்த மூன்று நாளும் நான் எல்லோருக்கும் கேண்டீனில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, கண்டுபிடிச்சிட்டேன். கரண்ட் திரும்பி வந்ததும் பெட்டி எவ்ளோ நேரம் காத்திருக்கணும்னு மில்லிசெகண்டுல ஒரு நம்பர் இருக்குதில்ல? சோர்ஸ்ல இருநூறு. புது பில்டுலயும் இருநூறு. உங்க பில்டுல மட்டும் ரெண்டாயிரம்."

"ரெண்டாயிரந்தான் சரி."

"சரின்னா சோர்ஸ்ல ஏன் இல்ல?"

"இருக்கும். நல்லாப் பாரு."

"எட்டு வருஷத்துல சோர்ஸ்ல செஞ்ச மாத்தம் அத்தனையும் பாத்துட்டேன் அக்கா. ரெண்டாயிரம்னு ஒருநாள்கூட அதுல இருந்ததில்ல." அவள் குனிந்து என் திரையைப் பார்த்தாள். "இந்தக் கறுப்பு விண்டோ எப்பத்துலயிருந்து திறந்திருக்குது?"

அப்போதுதான் எனக்கு அந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது. ஒட்டிய நாள் நினைவுக்கு வந்தது என்று சொல்ல வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சூளகிரிப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பிலிருந்து கூப்பிட்டார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்போது பிரஸ் ஒரு தடவை தானாக இறங்குகிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். கரண்ட் வந்ததும் எங்கள் பெட்டி உடனே விழித்துவிடுகிறது, ஆனால் கையைப் பார்க்கும் சென்சார் விழிக்க ஒரு நொடிக்கு மேல் ஆகிறது. அதுவரை அது ‘கை இல்லை’ என்றே சொல்லும். பெடல் மிதித்த மாதிரியும் தெரியும். பெட்டி அதை நம்பி பிரஸ்ஸை இறக்கிவிடும். பெட்டியை ஐந்தில் ஒரு நொடிக்குப் பதில் இரண்டு நொடி காத்திருக்கச் சொன்னால் போதும். ஆபீஸுக்குத் திரும்பியபோது ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவசரமாக, பில்டை ஓட்டக் கட்டளை அடிக்கும் அந்தக் கறுப்பு விண்டோவில் ஒரு வரி அடித்தேன். விண்டோ திறந்திருக்கும்வரை பில்டு இரண்டாயிரத்தையே எடுத்துக்கொள்ளும், மூடினால் போய்விடும். சோர்ஸில் முறையாக எழுதுவதை லீவு முடிந்து பார்த்துக்கொள்ளலாம், அதுவரை யாரும் அணைத்துவிடக் கூடாது. சீட்டு எழுதி ஒட்டினேன். நாலு நாள் கழித்து வந்தபோது வேறு வேலை வந்து நின்றது. எழுதிவிட்டதாகவே மனதில் பதிந்துபோயிற்று.

ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. நல்லவேளை, என் பில்டில் சரியான நம்பர்தானே போயிருக்கிறது. மாற்றாமல் விட்டிருந்தால் இன்னும் பல வருஷம் அப்படியே ஓடியிருக்கும். பிறகு தங்கதுரை சாரின் லேப்டாப் ஞாபகத்துக்கு வந்தது. அதில் இந்த விண்டோ கிடையாது. அந்த நாலு பெட்டியில் இருப்பது இருநூறு.

நாலும் போனது குருபரப்பள்ளி தாண்டி, கிருஷ்ணகிரி ரோட்டில் இருக்கும் ஒரு பிரஸ் ஷாப்புக்கு. பெட்டிகள் போய்ச் சேர்ந்த ஆறாவது மாதம், அதாவது இரண்டு வருஷத்துக்கு முன்னால், அங்கே முனிவேல் என்ற ஆபரேட்டருக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கரண்ட் வந்ததும் பிரஸ் தானாக இறங்கியது என்று அவர் சொன்னதாக எங்களுக்குக் கடிதம் வந்தது. அதைத்தான் எப்போதோ சரிசெய்துவிட்டோமே என்று நினைத்தேன். ஆபீஸிலேயே, என் பில்டு போட்ட ஒரு பெட்டியை வைத்து, கரண்ட்டை நாற்பது தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட இறங்கவில்லை. நாற்பது கிலோமீட்டர் போய் அவர்கள் பெட்டியைப் பார்க்க எனக்கு அலுப்பு. ‘புரோகிராமில் குறை இல்லை. ஆபரேட்டரின் கவனக்குறைவாக இருக்கலாம்’ என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நல்ல இங்கிலீஷ். தங்கதுரை சார் பாராட்டினார்.

சுசித்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் சொல்லிவிட்டேன் என்பதுதான் உண்மை. இருவருமாக சாரின் அறைக்குப் போனோம்.

அவர் கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோவில்பட்டிக்காரர், சட்டென்று கத்துகிற ஆள். அன்றைக்குக் கத்தவில்லை.

"பில்டு பண்ணுனது நான். அப்ப எம் மேலயும்தான் வரும்" என்றார். பிறகு, "ஏம்மா, சனிக்கெழம போங்க. அப்டேட்டுன்னு சொல்லி நாலு பெட்டியிலயும் ரெண்டாயிரத்தப் போட்டுட்டு வந்துருங்க. இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆவாதுல்ல? போன வெரலு திரும்பியா வரப்போவுது? பதினோரு குடும்பம்மா இங்க."

"சரி சார்" என்றேன். யோசித்துச் சொன்னேன் என்றோ, மனசில்லாமல் சொன்னேன் என்றோ இப்போது சொல்லிக்கொள்ளலாம். அப்போது சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

வெளியே வந்ததும் சுசித்ரா கேட்டாள்: "சனிக்கிழமை வரைக்கும் அந்த மெஷின் ஓடும்ல அக்கா?"

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக அந்த ஷாப் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். அப்டேட் ஒன்று இருக்கிறது, நாளை வரும்வரை நாலு பிரஸ்ஸையும் நிறுத்திவைக்க முடியுமா என்றேன். "ஆர்டர் தலைக்கு மேல இருக்குது மேடம், அதெப்டி நிறுத்தறது? என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றார். சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். "பெரிய பிரச்சினையெல்லாம் இல்லைங்க" என்றேன். என் வாய்தான் சொன்னது.

அன்று மத்தியானம் சுசித்ரா சோர்ஸில் இருநூறை இரண்டாயிரமாக மாற்றினாள். எந்த மாற்றத்துக்கும் காரணம் எழுதாமல் விடக் கூடாது என்று அவளே அந்தப் புதிய டூலில் ஒரு கட்டத்தை வைத்திருந்தாள். "காரணத்த நீங்கதான் எழுதணும் அக்கா" என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். நான் ‘சிறு திருத்தம்’ என்று அடித்தேன். அவள் அதைப் படித்துவிட்டுப் பட்டனை அழுத்தினாள். மூன்று நிமிஷத்தில் பில்டு வந்தது. ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு பைட் வித்தியாசமில்லை. ஏழு வாரமாக அவள் காத்திருந்த நேரம் அது. பையை எடுத்துக்கொண்டு நாலே முக்கால் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை சாருக்கு ராயக்கோட்டையில் ஒரு வளைகாப்பு. நாங்கள் இருவர் மட்டும் கம்பெனி காரில் போனோம். சூப்பர்வைசர் வர நேரமாகும் என்றார்கள். ஷெட்டுக்குள் போய் ஓரமாக நின்றோம். நாலு பிரஸ்ஸிலும் பெண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். மதுரைப் பக்கத்துப் பேச்சில் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தவர் பெயர் இருளாயி என்று பிறகு தெரிந்தது.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. நாலு பேரும் ஒரே நேரத்தில் ஸ்டூலைப் பின்னால் தள்ளினார்கள். கையை அக்குளில் கட்டிக்கொண்டு நின்றார்கள். வெளியே ஜெனரேட்டர் இரைந்தது, விளக்கு வந்தது, மூன்றாவது பிரஸ் தடால் என்று ஒரு தடவை வெறுமனே இறங்கி ஏறியது. அதற்குப் பிறகுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி விட்ட இடத்திலிருந்து தன் மாமியார் கதையைத் தொடர்ந்தாள்.

இருளாயியிடம் போய், "ஏன் அப்படி எழுந்து நின்னீங்க?" என்று கேட்டேன்.

"அதுவா? கரண்டு வந்தா அது ஒருதடவ வெறும் வாய மெல்லும் மேடம். மென்னு முடிச்சப்புறம்தேன் நாங்க ஒக்காருவோம். முனிவேலுக்கு அடிபட்டதுக்கப்புறம் நாங்களா இப்பிடி வச்சுக்கிட்டோம். புதுசா யாரு வந்தாலும் மொத நாளே சொல்லிக் குடுத்துருவோம்."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"சொன்னோமே. பொட்டி செஞ்ச கம்பெனிக்காரவுகளே டெஸ்ட்டு பண்ணி, ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டாகன்னு சொன்னாரு சூப்பர்வைசரு. அதுக்கு மேல நாங்க என்னத்தச் சொல்ல?"

நான் எழுதிய தாள் இவர்களை இரண்டு வருஷம் எழுந்து எழுந்து நிற்க வைத்திருக்கிறது. என் கம்ப்யூட்டர் மறக்காமல் வைத்திருந்ததை இவர்கள் கையை இழுத்து இழுத்து ஞாபகம் வைத்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. முந்தின நாள் அடித்த ‘சிறு திருத்தம்’ என்பதை நினைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

சுசித்ரா பெட்டிகளைத் திறந்து புதிய பில்டைப் போட ஆரம்பித்தாள். முனிவேல் எங்கே என்று கேட்டேன். ஸ்டோரில் என்றார்கள்.

முப்பது வயது இருக்கும். போல்ட் டப்பாக்களுக்கு இடது கையால் நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். அந்த ரிப்போர்ட்டை எழுதியது நான்தான் என்றும், அது தப்பு என்றும் சொன்னேன். பெட்டியில்தான் குறை, அது என்னால் வந்த குறை, பிரஸ் தானாகத்தான் இறங்கியது.

அவர் பேனாவை மூடினார். "அப்ப நான் பராக்குப் பாத்துகினு கைய உள்ள வுடல?"

"இல்லைங்க."

"கரண்ட் வந்துச்சு, எறங்கிடுச்சு. அவ்ளோதான் அன்னிக்கும் சொன்னேன். ரெண்டு வருஷமா ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி, நெசமாவே எங்கியோ பாத்துகினுதான் இருந்தனோன்னு எனக்கே ஆயிப்போச்சு மேடம்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, இடது கட்டைவிரலால் நம்பரைத் தேடினார்.

"சுவேதா, ஓசூரு கம்பெனி மேடம் வந்திருக்காங்க. நான் சொன்னா நம்ப மாட்ட. அவங்களே பேசறாங்க, கேளு" என்று போனை என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். என் பெயரைச் சொன்னேன். "உங்க வீட்டுக்காரர் மேல எந்தத் தப்பும் இல்லைங்க. மெஷின் தானாத்தான் இறங்கிச்சு. எங்க பெட்டியில இருந்த தப்பு. நான் பண்ணின தப்பு."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"வியாழக்கிழமை."

"இன்னிக்கு சனி."

"ஆமாங்க."

"அவரு அன்னிக்கே சொன்னாரு" என்றாள் சுவேதா. "நானே நம்பல. வாயில சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க மேடம். எழுதிக் குடுங்க. எங்களுக்குப் படிக்கத் தெரியற மாதிரி தமிழ்ல எழுதுங்க."

எழுதித் தருகிறேன் என்றேன். போனை அவரிடம் கொடுத்துவிட்டு, ஸ்டோர் மேஜையில் கிடந்த சிட்டையிலிருந்து அவரிடமே கேட்டு ஒரு தாளைக் கிழித்துக்கொண்டேன். தேதி போட்டேன். அதற்குக் கீழே, இந்தத் தவற்றைச் செய்தவள் நான் என்று ஆரம்பித்தேன். அவர் போனைக் காதில் வைத்தபடியே, நான் எழுதுவதை ஒவ்வொரு வார்த்தையாகச் சுவேதாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.